வீட்டு முன் நடைபாதையில் யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

மூலைவீட்டுக்காரன்:
கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வீடு வாங்கி இது முதல் பனிக்காலம். மூலை வீடு. வெளிச்சம் நன்றாக வரும் என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன். இரண்டு பக்கமும் நடைபாதை இருப்பது இப்போதுதான் உறைக்கிறது. நேற்று விடியற்காலை ஐந்தரைக்கே எழுந்து பனியை வழித்துத் தள்ளி, உப்பும் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அப்படியும் மத்தியானம் தபால்காரர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே போனாராம். நடைபாதை நகராட்சியுடையது, வரியும் கட்டுகிறேன். நாளைக்கு ஒருவர் கையை உடைத்துக்கொண்டால் வழக்கு என் மேலா?

ஷவல்சாமி:
தள்ளாமலே விட்டுவிடுங்கள். தொட்டால்தான் நம் பொறுப்பாகும் என்று என் ஆபீஸில் ஒருத்தர் சொன்னார்.

பத்தாவது பனிக்காலம்:
ஆபீஸ்காரர் பேச்சைக் கேட்டால் அபராதச் சீட்டுதான் வரும். அபராதம் வேறு, நஷ்டஈடு வேறு. பனியை அள்ளச் சொல்வது நகராட்சி விதி. அது ஊருக்கு ஊர் மாறும். டொராண்டோவில் நகராட்சி வண்டி வராத நடைபாதை என்றால், பனி நின்ற 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அள்ள வேண்டும்.

விழுந்தவருக்கு யார் பதில் சொல்வது என்பது தனிக் கதை. யார்க் என்ற வட்டாரத்தில் நடந்த ஒரு வழக்கில், பொது நடைபாதைப் பனிக்கு நகராட்சிதான் பொறுப்பு என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் சொல்லிவிட்டது. நகராட்சி விதியை மீறினாலும் அதை வைத்து மட்டும் நம் மேல் நஷ்டஈடு கேட்க முடியாது. (விழுந்தவர் பாடுதான் திண்டாட்டம்: நகராட்சிக்குப் பத்து நாளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், படுமோசமான அலட்சியம் என்றும் நிரூபிக்க வேண்டும்.) நியூயார்க் நகரில் கதையே வேறு. 2003 முதல் பொறுப்பு கட்டட உரிமையாளர் தலையில். உரிமையாளரே குடியிருக்கும் மூன்று குடும்பம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் விலக்கு.

ஆனால் அந்த ஒன்டாரியோ தீர்ப்பில் விதிவிலக்கு உண்டு. நம் வளவிலிருந்து ஆபத்து நடைபாதைக்குப் போனால் நாம் மாட்டுவோம். காலையில் சுத்தமாக இருந்த இடம் மத்தியானம் வழுக்கியது என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் இடிக்கிறது. கூரைத் தண்ணீர்க் குழாயின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

மூலைவீட்டுக்காரன்:
டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குழாயின் வளைவு நேராக நடைபாதையைப் பார்த்துத்தான் இருக்கிறது. வெயிலில் கூரைப் பனி உருகி வடிந்து, அங்கே கண்ணாடி ஊற்றின மாதிரி ஒரு பட்டை. நின்றுகொண்டு பார்த்தால் வெறும் ஈரம் போலத்தான் தெரிகிறது. காலணி நுனியால் தட்டின பிறகுதான் ஐஸ் என்று புரிந்தது. போட்ட உப்பெல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிருக்கும். இப்போதைக்கு மணல் தூவியிருக்கிறேன். சனிக்கிழமை குழாயைப் பூச்செடிப் பக்கம் திருப்பிவிடுகிறேன்.

பத்தாவது பனிக்காலம்:
மணல் நல்லது. மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது.

ஷவல்சாமி:
சரி, அள்ளின பனியை ரோட்டில் தள்ளலாமா? நகராட்சி வண்டிதான் எப்படியும் வருமே.

பத்தாவது பனிக்காலம்:
கூடாது. அதற்கும் சட்டம் இருக்கிறது. யார் சொன்னது, அதே ஆபீஸ்காரரா?