காய் போட்ட ஓட்ஸ் களியாகிடுது, என்ன வழி?

வீட்டுக்காரருக்கு சர்க்கரை இருக்கு. அதனால ஜூன்ல ஸ்கூல் திறந்ததிலிருந்து காலைல பால், வெல்லம் இல்லாம காய் போட்ட ஓட்ஸ்தான். 7 மணிக்கு இறக்கினதும் பிள்ளைங்க சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கு. எட்டரைக்கு அத்தை உட்காரும்போது களி மாதிரி இறுகி, கொழகொழன்னு ஆயிடுது. வெந்நீர் ஊத்திக் கிளறினா காய் ஒரு பக்கம், கஞ்சி ஒரு பக்கம்.

இன்ஸ்டன்ட் இல்ல, தட்டையா கொஞ்சம் தடிமனா வர்ற ரோல்டு ஓட்ஸ். ஒரு கப்புக்கு ரெண்டு கப் தண்ணி, அடி கனமான வாணலி. கேரட், பீன்ஸ், பட்டாணி தாளிப்புலயே வதக்கிப் போடறேன். ஓட்ஸை வெறும் வாணலில வறுத்துப் பார்த்தேன், கொழகொழப்பு கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா இறுகறது நிக்கல. தண்ணியைக் குறைச்சா பீன்ஸ் வேகல. சுரைக்காய் போட்டா அதுவே தண்ணி விட்டு எல்லாம் கூழாகிடுது. கீரை போட்ட அன்னைக்குப் பசங்க தட்டைத் தொடவே இல்ல, அது தனிக் கதை.

ரெண்டு தடவை அடுப்பேத்த காலைல நேரம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் கழிச்சும் உதிரியா இருக்க எந்தக் காயை, எந்தக் கட்டத்துல, எவ்வளவு தண்ணியோட சேர்க்கணும்?