வளரிக்கு எத்தனை அடி?

குழு: அப்பத்தா வீடு, காரைக்குடி

கார்த்தி: சனிக்கிழமை ஆட்டம் காலை பத்து மணிக்கு, பட்டாலையில். எல்லோரும் உங்கள் பாத்திரத்தை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பகடை நான் கொண்டு வருகிறேன்.

அத்தை: பாத்திரம் எதற்குப்பா? சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்றே.

கார்த்தி: அந்தப் பாத்திரம் இல்லை அத்தை 😄 விளையாட்டில் நாம் எடுத்துக்கொள்ளும் ஆள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

நிலா: என் ஆள் சிவகங்கைச் சீமைப் பெண். கையில் பூட்டன் எறிந்த வளரி, அந்த வளைந்த எறிகட்டை. பரம்பரை ஆயுதம், அதனால் முதல் நாளே மந்திர ஆயுதம்.

செந்தில்: என் ஆள் வெறும் 15 பொற்காசு வாளோடு நிற்கிறான். இவளுக்கு மட்டும் மந்திரமா?

நிலா: சாதாரண வளரி என்றால் உன் வாளுக்கு ஆன கதிதான். போன லீவில் உன் ஆளுக்கு அவன் அப்பா கொடுத்த வாள் இருந்தது. கோட்டையில் ஒரு +1 வாள், பகடை எண்ணோடு ஒன்றைக் கூட்டித் தரும் மந்திர வாள், கிடைத்ததும் அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டாய்.

செந்தில்: ஏழரைக் காசுக்கு விற்றேன். பாதி விலை, விதிப்படி.

கார்த்தி: அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2014 விதிகளில் பேய் பூதம் பலவற்றுக்குச் சாதாரண இரும்பால் அடித்தால் பாதிக் காயம்தான். அப்புறம் யார் அப்பா வாளைச் சுமப்பார்கள்? சாமான் பட்டியலில் எழுதினால் பரம்பரை ஆயுதம் ஒருநாள் பரணுக்குப் போய்விடும். அதை ஆளின் திறமைகளோடு சேர்த்து எழுத வேண்டும்.

நிலா: அப்படி விதி இருக்கிறதா?

கார்த்தி: பாத்ஃபைண்டர் என்று இதே மாதிரி இன்னொரு விளையாட்டு, அதன் முதல் பதிப்பில் உண்டு. மந்திரம் கிடையாது, ஆயுதத்துக்கு முழு விலையும் கொடுக்க வேண்டும். ஆனால் மூன்றில் ஒன்று கிடைக்கும். பழகாத வகை ஆயுதம் என்றாலும் அந்த ஒன்றைப் பழகியவர் மாதிரி பிடிக்கலாம். இல்லையென்றால், எதிராளி அசந்த நேரத்தில் போடும் அடிக்கு +1. அதுவும் வேண்டாமென்றால், காலை வாருவது, ஆயுதத்தைத் தட்டிவிடுவது மாதிரி ஏதாவது ஒரு பிடிக்கு +2. அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்றை எடுத்தால் ஒன்றும் கிடையாது.

அத்தை: இது அப்பத்தா அரிவாள்மனை கதையாக அல்லவா இருக்கிறது! அடியில் பெயரெழுத்து வெட்டியிருக்கும், அலகு தேய்ந்து மூன்றாம் பிறை மாதிரி ஆகிவிட்டது. அப்பத்தா உட்கார்ந்தால் வாழைப்பூ மாவு மாதிரி விழும். நான் உட்கார்ந்தால் கத்தரிக்காய் கூட நசுங்குகிறது.

செந்தில்: பழகாத ஆயுதம், அத்தைக்குப் பகடை எண்ணில் −4.

பெரியப்பா: கார்த்தி, வளரி எவ்வளவு தூரம் போகும் என்று வைத்திருக்கிறாய்?

கார்த்தி: எறியீட்டிக் கணக்குதான் பெரியப்பா. 30 அடி வரை நல்ல குறி. அதற்கு மேல் 120 அடி வரை எறியலாம், ஆனால் பகடையை இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரியப்பா: 30 அடியா? முகப்பில் நின்று எறிந்தால் நம் வளவையே தாண்டாதே! ஆங்கிலேயப் படையில் இருந்த கர்னல் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பைப் படி. அவருக்கு வேல் வீசவும் வளரி எறியவும் கற்றுக் கொடுத்ததே சின்ன மருதுதான். தேர்ந்த கை 100 கஜத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் குறி தப்பாமல் எறியும் என்கிறார். 300 அடி!

பெரியப்பா: கற்றுக்கொண்ட அதே ஆள் 1801இல் மருதுவை எதிர்த்த படையில் வந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் அண்ணன் தம்பி இருவரையும் தூக்கில் போட்டார்கள். இங்கிருந்து பக்கம்தான், ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

நிலா: அப்போது 300 அடி! 🎯

கார்த்தி: தேர்ந்த கை என்றுதானே எழுதியிருக்கிறார்? உன் ஆள் இன்னும் முதல் லெவல். 30 அடியில் ஆரம்பி. லெவல் ஏற ஏறத் தூரம் கூடும், 20ஆம் லெவலில் 300. ஐந்தாம் லெவலில் +1 தானாக வரும், கடையில் தேட வேண்டாம். இது நம் வீட்டு விதி.

செந்தில்: நான் திருடிக்கொண்டால்?

கார்த்தி: உன் கையில் அது வளைந்த கட்டை. 30 அடி, −4.

நிலா: உடைந்துபோனால்? புதிதாகச் செதுக்கினால் அதுவேதானா?

கார்த்தி: ...இதை யோசிக்கவில்லை.

அத்தை: அரிவாள்மனைக்கு இரண்டு முறை பலகை மாற்றியாயிற்று. இன்னும் அப்பத்தா அரிவாள்மனைதான்.

பெரியப்பா: அலகு மாறவில்லையே. வளரி முழுக்க மரம் என்றால் எதை மிச்சம் வைப்பது?

கார்த்தி: பூண் போட்ட வளரி என்று வைத்துக்கொள்வோம். உடைந்தால் பழைய பூணைப் புதுக் கட்டையில் ஏற்ற வேண்டும். ஒரு லெவல் குறையும், திரும்பப் பழக வேண்டும்.

நிலா: ஒரு லெவலா!! சரி, ஒப்புக்கொள்கிறேன்.

அத்தை: சனிக்கிழமை வரும்போது அரிவாள்மனையை எடுத்து வருகிறேன். யாராவது வாழைப்பூ வாங்கி வையுங்கள்.

அப்பத்தா: 🎤 0:09

அத்தை: பஸ்ஸில் இருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. நிலா, அப்பத்தா என்ன சொல்கிறார்கள்?

நிலா: "அதை உனக்கு நான் எப்போது கொடுத்தேன்? இரவல்தானே வாங்கிப் போனாய்" என்கிறார்கள்.

செந்தில்: அதுதான் அந்த −4 😂