புதுப்பிப்பு: வேல்ஸின் 20 மைல் வேக வரம்பு என்ன ஆனது?

2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸில் தெருவிளக்குள்ள ஊர்ச்சாலைகளின் வழக்கமான வேக வரம்பு 30 மைலிலிருந்து 20 ஆனபோது, இது நிலைக்குமா என்று கேட்டு எழுதியிருந்தேன். நிலைத்துவிட்டது, சில மாற்றங்களோடு.

எதிர்ப்பு மனுவில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அப்புறம் 2024 கோடையில் அரசு வழிகாட்டுதலைத் திருத்தியது. உள்ளாட்சி மன்றங்கள் மக்களிடம் கருத்துக் கேட்டு, சில முக்கியச் சாலைகளை மறுபடி 30-க்குக் கொண்டுபோயின. எனக்கு இதில் வருத்தமில்லை. வீடோ பள்ளியோ இல்லாத அகலச் சாலையில் 20 என்றால் யாருக்கும் பொறுமை போகும்.

ஆனால் குடியிருப்புத் தெருக்களை விட்டுக்கொடுக்கவே கூடாது. பிரிட்டனின் சாலை விதிநூல் கணக்குப்படி, 20 மைல் வேகத்தில் போகும் கார் நிற்க 12 மீட்டர் வேண்டும். 30 மைலில் 23 மீட்டர். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த 11 மீட்டர்தான் பந்தைத் துரத்திக் குறுக்கே ஓடும் பிள்ளைக்கு உயிர். முதல் ஒன்றரை ஆண்டில் 20, 30 மைல் சாலைகளில் விபத்தில் சிக்கியவர்கள் ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருக்கிறார்கள் என்கின்றன காவல்துறைப் பதிவுகள்.

எங்கள் தெரு 20-லேயே இருக்கிறது. அடுத்து, பள்ளி வாசலில் ஸீப்ரா கிராஸிங் கேட்டு மன்றத்துக்கு எழுதுகிறோம்.