புதுப்பிப்பு: க்யூடி டயலாக்கில் பட்டன் வரிசை, தீர்வு கிடைத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: எங்கள் பில் போடும் மென்பொருளை க்யூடியில் (திரைகளை அமைக்க உதவும் நிரல் தொகுப்பு) எழுதியிருக்கிறோம். அதில் திரையில் எழும் கேள்விப் பெட்டிகளான டயலாக்குகளில் ஓகேயும் கேன்சலும் டயலாக்குக்கு டயலாக் இடம் மாறி நின்றன. விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து இதை எப்படிச் சீராக்குவது?

பட்டன்களை நாமே அடுக்காமல், அவற்றை அடுக்கித் தரும் க்யூடியின் க்யூடயலாக்பட்டன்பாக்ஸிடம் விட்டுவிடச் சொன்ன யோசனைதான் பலித்தது. இது ஏற்பு, இது மறுப்பு, இது அழிப்பு என்று ஒவ்வொரு பட்டனின் பங்கை மட்டும் சொன்னால் போதும். விண்டோஸில் ஓகே முதலில், கேன்சல் அடுத்து. லினக்ஸின் க்னோம் திரைச்சூழலில் ஓகே வலது ஓரத்துக்குப் போகிறது. அந்தந்த இடத்தில் பழகிய கை தடுமாறுவதில்லை.

"ஆம்", "இல்லை"க்குப் பதில் செயலையே எழுதச் சொன்னவருக்குத் தனி நன்றி. இப்போது "பில்லை அழி", "வேண்டாம்" என்றே இருக்கிறது. கேள்வியைப் படிக்காமல் பட்டனை மட்டும் பார்ப்பவருக்கும் புரிகிறது. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகப் படுகிறது.

எதிர்பாராத விஷயம் ஒன்று. டிஃபால்ட் பட்டன் (என்டர் தட்டினால் இயங்குவது) எது என்று நாம் சொல்லாவிட்டால், ஏற்புப் பங்குள்ள முதல் பட்டனையே க்யூடயலாக்பட்டன்பாக்ஸ் டிஃபால்ட் ஆக்கிவிடும். அழிக்கும் பட்டனுக்கு அந்தப் பங்கு இருந்தால் என்டர் தட்டியதும் பில் போய்விடும். அதனால் அழிப்புப் பங்கு கொடுத்து, "வேண்டாம்" பட்டனுக்கு டிஃபால்ட், ஃபோகஸ் இரண்டையும் வைத்தோம். அப்புறம், அழிப்புப் பங்குள்ள பட்டனை அழுத்தினால், ஏற்கப்பட்டது என்று நிரலுக்குச் சொல்லும் அக்செப்டட் சிக்னல் வராது. அந்தப் பட்டனை அழுத்தியதைச் சொல்லும் கிளிக்டு சிக்னலைத்தான் அழிக்கும் வேலையோடு இணைக்க வேண்டும்.