ஃபிலிம் பெட்டியில் 400/27°, டயலில் 25-உம் 400-உம். எதில் வைப்பது? (கூடவே: ஐஎஸ்ஓவா, ஐசோவா?)

புதுரீல்:
வணக்கம். இரண்டு சந்தேகம். ஒன்று அவசரம், இன்னொன்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அவசரமானது முதலில். பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஷட்டர் டயலில் சின்ன ஜன்னல், பக்கத்தில் ஏஎஸ்ஏ என்று பொறித்திருக்கிறது, உள்ளே 25, 50, 100, 200, 400 என்று எண்கள். என்னிடம் உள்ள ஃபிலிம் பெட்டியில் ஐஎஸ்ஓ 400/27° என்று போட்டிருக்கிறது. 27-க்குப் பக்கத்தில் 25 இருக்கிறது, அதில் வைப்பதா? இல்லை 400-இலா? ஏஎஸ்ஏவை ஐஎஸ்ஓவாக மாற்ற ஏதாவது கணக்கு உண்டா? ரீலை இன்னும் மாட்டவில்லை.

அடுத்தது. நான் எப்போதும் "ஐ, எஸ், ஓ" என்று எழுத்தெழுத்தாகத்தான் சொல்வேன். ஒரு வகுப்பில் "அது ஐசோ, பிரித்துச் சொல்லக் கூடாது" என்று எல்லார் முன்னிலையிலும் திருத்தினார்கள். அதே வகுப்பில் ஒரு பெரியவர் கடைசிவரை "ஏஎஸ்ஏ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதுதான் சரி?

பழையடயல்:
400-இல் வையுங்கள். 25-இல் வைத்தால் நான்கு ஸ்டாப் ஓவர், அதாவது வெளிச்சம் நான்கு முறை இரட்டித்து விழும் (400, 200, 100, 50, 25 என்று எண்ணிப் பாருங்கள்). நெகட்டிவ் கன்னங்கரேல் என்று வரும்.

இவை எல்லாம் ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பதியும் என்று சொல்லும் வேக எண்கள். அந்த 27 தனி அளவுகோல். டின் என்பார்கள், 1934-இல் ஜெர்மனியில் வந்த தரம். அது மடக்கைக் கணக்கு: எண் 3 கூடினால் வேகம் இரண்டு மடங்கு. 21 என்றால் 100, 24 என்றால் 200, 27 என்றால் 400, 30 என்றால் 800. அமெரிக்கர்களின் ஏஎஸ்ஏ 1943-இல் வந்தது, அது நேர் கணக்கு, எண் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும். 1974-இல் ஐஎஸ்ஓ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தரமாக்கியது. உங்கள் பெட்டியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பழைய ஏஎஸ்ஏ எண், பின்னால் குட்டி வட்டத்தோடு இருப்பது டின் எண். எனவே மாற்றக் கணக்கு எதுவும் வேண்டாம், அந்த 400-உம் இந்த 400-உம் ஒன்றுதான்.

இந்த வகை டயலில் பெரும்பாலும் வெளிவளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். தூக்காமல் திருப்பினால் ஷட்டர் வேகம் மட்டும் மாறும், ஜன்னலில் எண் அப்படியே நிற்கும். 200-க்கும் 400-க்கும் நடுவில் இரண்டு புள்ளிகள் இருந்தால் அவை 250, 320. ஒரு புள்ளி மூன்றில் ஒரு ஸ்டாப்.

சமன்:
உச்சரிப்புக்கு வருகிறேன். திருத்தியவர் சொன்னது தப்பில்லை, திருத்திய விதம்தான் தப்பு. அந்த நிறுவனத்தின் முழுப்பெயர் இன்டர்நேஷனல் ஆர்கனைசேஷன் ஃபார் ஸ்டாண்டர்டைசேஷன். முதலெழுத்துகளை எடுத்தால் ஐஓஎஸ் என்றுதான் வரும், பிரெஞ்சில் ஓஐஎன். மொழிக்கு மொழி மாறாமல் இருக்க ஒரே குறும்பெயர் வேண்டும் என்று, "சமம்" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான ஐசோஸிலிருந்து எடுத்தோம் என்பது அவர்களே தரும் விளக்கம். ஐசோடோப்பில் வருகிற அதே ஐசோ. ஆகவே முறைப்படி அது சுருக்கெழுத்தே அல்ல, ஒரு பெயர்.

எழுத்தெழுத்தாய்:
முறைப்படி சரி. ஆனால் "ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ்" என்று ஊரே எழுத்தெழுத்தாகச் சொல்கிறது, அங்கே போய் யாரும் திருத்துவதில்லை. கேமராக்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? படப்பிடிப்பில் "ஐஎஸ்ஓ எட்டு நூறு" என்றாலும் "ஐசோ எட்டு நூறு" என்றாலும் எதிரில் இருப்பவர் 800-இல்தான் வைப்பார். எதைச் சொன்னாலும் எண்ணைத் தெளிவாகச் சொல்லுங்கள். சத்தத்துக்கு நடுவில் "பதினாறு நூறு" என்பது "ஆறு நூறு" என்று காதில் விழுந்து நான் பார்த்திருக்கிறேன். ஐசோ சண்டையைவிட அது பெரிய சிக்கல்.

இருட்டறைவாசி:
பெரியவரை யாரும் திருத்தாததில் நியாயம் இருக்கிறது. அவர் ஃபிலிம் பழகிய காலத்தில் டயலில் எழுதியிருந்ததே ஏஎஸ்ஏதான்.

ஒரு எச்சரிக்கை. மிகப் பழைய கைமீட்டரோ (வெளிச்சம் அளக்கும் கருவி) கையேடோ கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள். 1960-இல் ஏஎஸ்ஏ தரத்தைத் திருத்தியபோது, அதுவரை வெளிச்சம் குறைந்துபோகாமல் இருக்கக் கூடுதலாகச் சேர்த்திருந்த பாதுகாப்பு இடைவெளியைக் குறைத்தார்கள். ஃபிலிம் மாறவில்லை, கருப்பு-வெள்ளை ஃபிலிம்களின் எண் மட்டும் ஏறக்குறைய இரட்டித்தது. அதற்கு முந்தைய அட்டவணையை அப்படியே நம்பினால் ஒரு ஸ்டாப் இடிக்கும்.

அப்புறம் "400 ஃபிலிமை 1600-இல் எடுத்தேன்" என்று சொல்வார்களே, ஃபிலிமின் ஐஎஸ்ஓ 1600 ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐஎஸ்ஓ என்பது வரையறுத்த முறையில் டெவலப் செய்து அளந்த எண். நாம் மீட்டரில் வைப்பது ஈஐ, எக்ஸ்போஷர் இண்டெக்ஸ். 1600-இல் மீட்டரை வைத்தால் இரண்டு ஸ்டாப் அண்டர் எடுக்கிறோம், அதை டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டு ஈடுகட்டுகிறோம், புஷ் என்பது அதைத்தான். நடு டோன்கள் ஏறி வரும். நிழலில் பதியாமல் போனது எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் வராது.

புதுரீல்:
அருமை, எல்லாருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. டிஜிட்டலில் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் சென்சாரின் உணர்திறன் கூடுகிறது என்றுதான் வகுப்பில் சொன்னார்கள். அதுவும் இப்படி ஏதாவது வில்லங்கம் உள்ளதா?

ராஃபைல்:
உள்ளது. சென்சார் ஃபோட்டானைப் பிடிக்கும் திறன் நீங்கள் எந்த எண்ணில் வைத்தாலும் மாறாது. பிடித்ததைக் கேமரா எவ்வளவு பெருக்கி, எவ்வளவு பிரகாசமாகக் காட்ட வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சல்) வருவதும் ஐஎஸ்ஓ கூடியதால் அல்ல, வெளிச்சம் குறைந்ததால். ஒளியே சில்லறை சில்லறையாகத்தான் வந்து விழுகிறது. வந்தது கால் பங்காகக் குறைந்தால் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் பாதியாகிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டும்போது நாம் ஷட்டரை வேகமாக்கிவிடுகிறோம் அல்லது லென்ஸின் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கிவிடுகிறோம், பழி ஐஎஸ்ஓ மேல் விழுகிறது.

நீங்களே சோதிக்கலாம். டிரைபாட், ராவில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பில்) எடுங்கள், ஷட்டரையும் அப்பர்ச்சரையும் தொடாமல் ஒரு படம் 200-இல், ஒரு படம் 1600-இல். 200-ஐ மென்பொருளில் மூன்று ஸ்டாப் தூக்கிவிட்டு நிழல் பகுதியை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். புதிய சென்சார்கள் பலவற்றில் வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது. பழையவற்றில் 200-ஐத் தூக்கியதுதான் மோசமாக இருக்கும், சில சமயம் கோடு கோடாக. பெருக்கலுக்குப் பிறகு சேரும் மின்னணு நாய்ஸ்தான் காரணம். அதனால் "ஐஎஸ்ஓ கூட்டாதே" என்பது பல கேமராக்களில் தலைகீழான அறிவுரை.

ஒரே எண்ணில் வைத்த இரண்டு கேமராக்கள் ஒரே பிரகாசம் தராவிட்டாலும் பயப்படாதீர்கள். டிஜிட்டலுக்கான தரம் ஐஎஸ்ஓ 12232. அதில் உள்ள ஆர்இஐ என்ற முறையில் "சரியான எக்ஸ்போஷர்" எது என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிக்கலாம். மிகப் பிரகாசமான பகுதியை, அதாவது ஹைலைட்டைக் காப்பாற்ற நினைப்பவர் ஒரு மாதிரி வைப்பார், மற்றவர் வேறு மாதிரி. சினிமா கேமராவான ஆரி அலெக்சாவில் 800 என்ற எண்ணுக்கு முன் ஈஐ என்று இருப்பது எனக்கு இதைவிட நேர்மையாகப் படுகிறது.

புதுரீல்:
400-இல் வைத்துவிட்டேன். ஆனால் ஒரே வெள்ளைச் சுவரைக் காட்டினால் டிஜிட்டல் எஃப்/8-க்கு 1/250 சொல்கிறது, பழையது 1/500 சொல்கிறது. இரண்டிலும் 400தான். இதுவும் ஆர்இஐ விவகாரமா?

பழையடயல்:
முழு ஒரு ஸ்டாப் என்றால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். அந்தக் காலக் கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் மெர்குரி செல்லை நம்பிச் செய்தவை. பாதரசம் என்பதால் அவை சந்தையிலிருந்து போய்விட்டன. இப்போது அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட். கூடுதல் வோல்டேஜில் மீட்டர் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும், படம் அண்டராகும். எல்லா மாடலிலும் இப்படி இல்லை, சிலவற்றின் சர்க்யூட் வோல்டேஜைக் கண்டுகொள்ளாது. காது கேட்கும் கருவிக்குப் போடும் ஜிங்க்-ஏர் செல் சுமார் 1.4 வோல்ட், சரியாக உட்கார்ந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

புதுரீல்:
உள்ளே இருப்பது ஆல்கலைன் 1.5தான்! வேறு செல் கிடைக்கும்வரை டயலை 200-இல் வைத்து ஓட்டலாமா?

பழையடயல்:
ஓட்டலாம். ஆனால் நல்ல வெயிலிலும் அறைக்குள்ளும் ஒருமுறை டிஜிட்டலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இருக்காது. டெவலப் செய்யக் கொடுக்கும்போது 400 என்றே சொல்லுங்கள். டயலைப் பார்த்து 200 என்று சொல்லிவிட்டால் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள், சரியாக எடுத்த ரீல் சோகை பிடித்தாற்போல வரும்.