உதவி தேவை: விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு, முதலில் 32-பிட் மட்டும், பிறகு ஆமை வேகம் [தீர்ந்தது]

அல்சூர் மெய்ப்புத் திருத்துநர்:

வணக்கம். பெங்களூரு அல்சூரில் இருந்தபடி தமிழ்ப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மடிக்கணினி: ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10 ப்ரோ. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பிராசசரை ஏற்பதில்லை. எனவே புதிய கணினிக்குச் செலவு செய்வதற்கு முன், லினக்ஸில் என் வேலை நடக்குமா என்று பார்க்க நினைத்தேன். இரண்டு நூல்களின் மெய்ப்பு பாதியில் நிற்பதால் விண்டோஸை எடுத்துவிடத் துணிவில்லை; ஆகவே, விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, நண்பர் பென் டிரைவில் கொடுத்த உபுண்டு 22.04 (லினக்ஸின் ஒரு வகை) ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை அதில் ஏற்ற முயன்றேன்.

இயந்திரத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 32-பிட் பெயர்கள் மட்டுமே தெரிகின்றன. அதையே தேர்ந்தெடுத்துத் தொடங்கினால், விடி-எக்ஸ் பயாஸில் முடக்கப்பட்டுள்ளது என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்து நின்றுவிடுகிறது. என் விண்டோஸ் 64-பிட்தான் என்பதைச் சரிபார்த்துவிட்டேன். கோளாறு எங்கே இருக்கிறது?

ஜெயநகர் நிர்வாகி:

ஐயா, பிழைச்செய்தி சொல்வதே காரணம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்குப் பிராசசரே தரும் வசதியின் பெயர்தான் விடி-எக்ஸ். விர்ச்சுவல்பாக்ஸ் முற்காலத்தில் அந்த வசதி இல்லாமலும் மென்பொருளைக் கொண்டே சமாளித்தது, 6.1 பதிப்பிலிருந்து அது கட்டாயமாகிவிட்டது. 32-பிட்டைத் தேர்ந்தெடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை, ஏனெனில் உபுண்டு 17.10 முதலே 32-பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ வெளிவருவதில்லை.

கணினியை அணைத்து, மீண்டும் தொடங்கும்போதே, விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் செல்லுங்கள். எஃப்1, எஃப்2, எஃப்10 ஆகியவற்றுள் எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. அங்கே செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பகுதியில் ‘விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்று இருப்பதை இயக்கிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். பிறகு விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தைத் திறந்தால், அது இயங்குகிறதா இல்லையா என்று கீழே எழுதியிருக்கும்.

அல்சூர் மெய்ப்புத் திருத்துநர்:

மிக்க நன்றி அம்மா. செக்யூரிட்டி பகுதியில்தான் இருந்தது. இயக்கியதும் 64-பிட் பெயர்கள் பட்டியலில் வந்துவிட்டன, நிறுவலும் தொடங்கியது. ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கிய நிறுவல் பிற்பகல் ஒரு மணிக்குத்தான் முடிந்தது. இப்போது சுட்டியை நகர்த்தினால், அது நகர்வதற்குள் நான் ஒரு பத்தியைத் திருத்திவிடலாம் போலிருக்கிறது. மெதுவாக இருக்கக்கூடாது என்று 6 ஜிபி ரேமும் நான்கு பிராசசர்களும் ஒதுக்கியிருந்தேன்.

பீன்யா மாணவன்:

ஐயா, அந்த ஒதுக்கீடே தவறு. மொத்தம் 8 ஜிபி உள்ள கணினியில் 6 ஜிபியை உள்ளே கொடுத்துவிட்டால், விண்டோஸ் மூச்சுவிட இடமின்றி வட்டிலிருந்து கடன் வாங்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து இழுக்கும். உங்கள் பிராசசர் பெரும்பாலும் இரண்டு கோர் உடையதாகத்தான் இருக்கும். நான்கு என்று தெரிவது த்ரெட்களின் கணக்கு. 4 ஜிபி ரேம், 2 பிராசசர், 25 ஜிபி வட்டு என்று மாற்றிப் பாருங்கள்.

ஜெயநகர் நிர்வாகி:

தம்பி சொல்வது சரிதான். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஐயா, உபுண்டு ஓடும் சாளரத்தின் வலது கீழ் மூலையில் சிறு சின்னங்கள் வரிசையாக இருக்கும். அவற்றுள் பிராசசரைக் குறிக்கும் சில்லு வடிவம் இருக்கிறதா, அல்லது பச்சை நிற ஆமை ஒன்று இருக்கிறதா?

அல்சூர் மெய்ப்புத் திருத்துநர்:

ஆமைதான் இருக்கிறது! அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு என் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்டலாம் என்று இதில் ஏதோ செய்து பார்த்தான். கடைசிவரை அது இயங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஜெயநகர் நிர்வாகி:

முடிச்சு அங்கேதான் இருக்கிறது ஐயா. உங்கள் மகன் முயன்றது டபிள்யூஎஸ்எல்2, அதாவது விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி. அதற்காக, விர்ச்சுவல்பாக்ஸைப் போலவே கணினிக்குள் கணினியை ஓட்டும் விண்டோஸின் சொந்த ஏற்பாடான ஹைப்பர்-வி சார்ந்த வசதிகளை இயக்கியிருப்பார். ஆனால் அப்போது பயாஸில் விடி-எக்ஸ் மூடியிருந்ததால் ஹைப்பர்-வியால் எழுந்திருக்க முடியவில்லை. அவருடைய முயற்சி தோற்றதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். நீங்கள் இப்போது விடி-எக்ஸைத் திறந்துவிட்டதும், ஓராண்டாகக் காத்திருந்த ஹைப்பர்-வி முந்திக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டது. இப்போது விர்ச்சுவல்பாக்ஸ் பிராசசரை நேரடியாக அணுக முடியாமல் ஹைப்பர்-வியின் தயவில் ஓடுகிறது. அந்த நிலையைத் தெரிவிக்கும் சின்னம்தான் ஆமை. எனவே நான் சொன்ன முதல் மருந்தே இரண்டாவது நோயைக் கிளப்பிவிட்டது. நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும்.

உறுதி செய்துகொள்ள, விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து முதல் பக்கத்தின் கடைசி வரியைப் பாருங்கள். ஹைப்பர்வைசர் (ஹைப்பர்-வி போன்றவற்றின் பொதுப்பெயர்) ஒன்று கண்டறியப்பட்டுள்ளது என்று இருந்தால் ஐயமே வேண்டாம். அடுத்து, விண்டோஸ் வசதிகளை இயக்கும் அணைக்கும் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகிய மூன்றிலும் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆமை அதற்குப் பிறகும் போகவில்லை என்றால் மட்டும், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் என்பதன் கீழுள்ள மெமரி இன்டெக்ரிட்டியைப் பாருங்கள். அது ஒரு பாதுகாப்பு அரண். அதை அணைப்பதானால் சோதனை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்கிவிட வேண்டும். புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் இருக்கும் அரணையும் எடுத்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாற்றங்களுக்குப் பிறகு ‘ஷட் டவுன்’ கொடுக்காமல் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் என்பது முழு அணைப்பு அன்று. பழைய நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

அல்சூர் மெய்ப்புத் திருத்துநர்:

மூன்றில் இரண்டு குறியிடப்பட்டிருந்தன. நீக்கினேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன், ஆமை போய்விட்டது. மெமரி இன்டெக்ரிட்டியைத் தொட வேண்டியிருக்கவில்லை. தம்பி சொன்ன அளவுகளையும் வைத்துவிட்டேன். உபுண்டு இப்போது ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது.

ஆனால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்தால், சிறு வட்டம் சுற்றிவிட்டு ஒன்றுமே வருவதில்லை. மென்பொருள் நிறுவ முயன்றால் என் பெயருக்கு அதிகாரம் இல்லை என்கிறது. நிறுவியவன் நான், எனக்கே அதிகாரம் இல்லையென்றால் யாருக்கு இருக்கும்? நிறுவலின்போது அது என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பீன்யா மாணவன்:

கேள்வி கேட்காததுதான் காரணம் ஐயா. ஐஎஸ்ஓவைக் காட்டியதும் விர்ச்சுவல்பாக்ஸ் 7 தானாகவே எல்லாப் பதில்களையும் நிரப்பி ‘அன்அட்டெண்டட்’ முறையில் நிறுவிவிடுகிறது. அப்படி நிறுவிய உபுண்டு 22.04-இல் இந்த இரண்டு குறைகளும் வழக்கமாக வருபவை. மொழி அமைப்பில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறை விடுபட்டுப் போவதால் டெர்மினல் திறப்பதில்லை. நிர்வாக அதிகாரம் உள்ளவர்களின் குழுவான சூடோவில் பயனரைச் சேர்க்காததால் அதிகாரம் இல்லை. செட்டிங்ஸில் மொழியை மாற்றி மீண்டும் உள்நுழைந்தால் டெர்மினல் திறக்கும். பிறகு முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கில் நுழைந்து உங்களைச் சூடோவில் சேர்க்கலாம்.

ஜெயநகர் நிர்வாகி:

சேர்க்கலாம்தான், ஆனால் ஐயா இன்னும் ஒரு வரிகூட அதில் எழுதவில்லை. கந்தலைத் தைப்பதைவிட, அந்த இயந்திரத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே எளிது. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுக்கும் அதே பக்கத்தில் அன்அட்டெண்டட் நிறுவலைத் தவிர்ப்பதற்கான கட்டம் இருக்கும், அதைக் குறித்துவிடுங்கள்.

அல்சூர் மெய்ப்புத் திருத்துநர்:

தவிர்த்துவிட்டேன், இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஆனால் ‘வட்டை அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவுக’ என்ற பக்கத்தில் கை நடுங்கி நிறுத்திவிட்டேன். மெய்ப்புகள் அனைத்தும் இதே வட்டில்தான் உள்ளன. அழுத்தலாமா?

ஜெயநகர் நிர்வாகி:

அழுத்தலாம். அந்த நிறுவிக்கு உங்கள் 256 ஜிபி எஸ்எஸ்டி இருப்பதே தெரியாது. அது பார்ப்பது விடிஐ என்ற விகுதியுடன் விண்டோஸில் இருக்கும் ஒரே ஒரு கோப்பை; அதையே முழு வட்டு என்று எண்ணிக்கொள்கிறது. திரையில் காட்டும் அளவைப் பாருங்கள்: நீங்கள் ஒதுக்கிய 25 ஜிபிக்கு நெருக்கமான எண்ணே இருக்க வேண்டும். டைனமிக் முறையில் உருவாக்கியிருந்தால் அந்தக் கோப்பு தொடக்கத்திலேயே 25 ஜிபியையும் பிடிக்காது. உள்ளே எழுத எழுத வளரும். ஆனால் பின்னாளில் இதே உபுண்டுவை நேரடியாக மடிக்கணினியில் நிறுவும்போதும் இதே வாசகம்தான் வரும். அப்போது அது உண்மையாகவே அனைத்தையும் அழிக்கும். அன்றைக்கு இன்றைய நடுக்கம் தேவை.

அல்சூர் மெய்ப்புத் திருத்துநர்:

அளவு சரியாகவே இருந்தது. அழுத்தினேன், இருபத்தைந்து நிமிடங்களில் முடிந்தது. டெர்மினல் திறக்கிறது, அதிகாரமும் எனக்கே உள்ளது. திரை சிறிய சதுரமாக இருந்ததை, விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவிச் சரிசெய்துகொண்டேன்.

எனக்கு முக்கியமான தமிழ்99 விசைப்பலகையும் கிடைத்துவிட்டது: பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ்-எம்17என் தொகுப்பை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் உள்ளீட்டுப் பட்டியலில் வந்தது. லிப்ரெஆபிஸில் நேற்று பன்னிரண்டு பக்கங்கள் திருத்தினேன். பதிப்பகம் ஒன்று இன்னும் பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் கோப்பு அனுப்புகிறது. அந்த எழுத்துருவை இங்கே நிறுவியும் சில பக்கங்களில் கொம்பும் காலும் இடம்மாறித் தெரிகின்றன. அதைத் தனி இழையில் கேட்கிறேன். இந்த இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடலாம்.