மலையில்லாத மட்டக்களப்பில மவுண்டன் பைக் டீம்: மிச்சக் காசை எதுல போடுற?

உன்னிச்சை ரைடர்
எல்லாருக்கும் வணக்கம். எங்கட டீம் மலையகத்துக்கு மவுண்டன் பைக் ரேஸ் ஒண்டுக்குப் போயிட்டு வந்தது இஞ்ச கனபேருக்குத் தெரியும். வேன் கூலி, தங்கிற செலவு, என்ட்ரி பீஸ் எல்லாம் போக ஸ்பொன்சர் தந்த காசில கொஞ்சம் மிச்சம் இரிக்கு. அதை வச்சு அடுத்த முறையும் ரெண்டு பேரை அனுப்புவம் எண்டு டீமுக்குள்ள ஒரு பக்கம் கதைக்காங்க. நான் சொல்றது வேற. உன்னிச்சைக் குளத்துக்கு இஞ்சால இரிக்கிற கிறவல் ரோட்டையும், பத்தைக்குள்ளால மாடு போற ஒத்தையடிப் பாதையையும் சேத்து 4 கிலோமீற்றர்ல ஒரு சுத்து போடுவம், மாசத்துக்கு ஒருக்கா நாமளே ரேஸ் வைப்பம், சாதாரண லுமாலா சைக்கிள் வச்சிரிக்கிறவனும் வரலாம் கியர் இல்லாதவனும் வரலாம். ரெண்டு பேர் எங்கேயோ போய்ப் பின்னுக்கு வாறதை விட ஊருக்குள்ள ஒரு கூட்டம் பொடியனுகள் ஓடுறதுதான் டீமுக்கு நல்லது. எதிர்க்கிற ஆக்கள் காரணத்தோட எதிருங்க.

கல்லடி ரோட்காரன்
தம்பி, உங்கட ஆர்வத்தை நான் குறை சொல்லல்ல. ஆனா நான் எதிர்க்கிறன். வாவிக்குக் கிழக்கால கடல் பக்கம், எழுவான்கரையில, ஏத்தம் எண்டு சொல்ல பாலத்தைத் தவிர ஒண்டுமில்ல, வாவிக்கு மேற்கால படுவான்கரைக்குப் போனா வயலும் குளமும். இந்த மண்ணுக்கு ஏத்தது ரோட் ரேஸ். சித்திரை வருசத்துக்கு விளையாட்டுக் கழகங்கள் வைக்கிற சைக்கிளோட்டத்தைப் பாக்க ரோட்டோரம் எவ்வளவு சனம் நிக்கிது, உங்கட மவுண்டன் பைக்கைப் பத்தைக்குள்ள ஆரு வந்து பாப்பான்? நாட்டில பெரிய ரேஸ் எல்லாம் ரோட்டிலதான், விமானப்படையிட சைக்கிள் சவாரி 1999ல இருந்து நடக்குது. பொடியனுகள் பேர் எடுக்கோணும் எண்டா அங்க ஓடோணும். மிச்சக் காசில ரெண்டு நல்ல ரோட் வீல் வாங்குங்க, கிழமைக்கு ஒருக்கா பதுளை ரோட்டால கரடியனாறு, மகாஓயா தாண்டி பிபிலைக்குப் போய் லுணுகலை ஏத்தத்துல பழகுங்க. அதுதான் பயிற்சி.

உன்னிச்சை ரைடர்
அண்ணன், மலையில்லாட்டி மவுண்டன் பைக் இல்ல எண்டு சொல்றீங்க. ஒலிம்பிக்ல இந்த ரேஸ் முதல்முதலா வந்தது 1996 அட்லாண்டாவில. அந்த முதலாவது ஆம்பிளையள்ர தங்கப்பதக்கத்தை எடுத்தவன் எந்த நாட்டுக்காரன் தெரியுமா, நெதர்லாந்து, பேர் பார்ட் பிரென்ட்ஜன்ஸ். அந்த நாட்டில கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழ, அந்த நாட்டிட ஐரோப்பாவில இரிக்கிற பகுதியில ஆக உயரமான மேடு 322 மீற்றர்தான். 2012 லண்டனுக்கு சுத்து போட்டது எசெக்ஸ்ல ஹாட்லி எண்டு ஒரு பண்ணையில, பாறையெல்லாம் வெளியில இருந்து கொண்டு வந்து அடுக்கினது. 2024 பாரிஸ் ரேஸ் நடந்த எலான்கூர் மேடு 231 மீற்றர், பழைய கல் அகழ்ந்த இடத்தையும் குப்பை கொட்டின இடத்தையும் மூடிப் போட்டதுதான் அது. நாம இமயமலை கேக்கல்ல.

சனம் பாக்காது எண்டதும் சரியில்ல. ரோட் ரேஸ்ல சந்தியில நிக்கிறவன் ஓட்டக்காரனை ஒருக்காத்தான் காணுவான், அதுவும் சர்ரெண்டு போயிடும். சுத்து ரேஸ்ல அதே பொடியன் திரும்பத் திரும்ப முன்னால வருவான், எத்தினையாவதா வாறான், ஆரை முந்திட்டான் எண்டு குளக்கட்டில நிண்டே முழுக்கப் பாக்கலாம்.

அக்கரைப்பற்று சைக்கிள் காக்கா
ஸலாம் எல்லாருக்கும். நான் சைக்கிள் திருத்துற ஆள், கடைப் பக்கத்துல இருந்து சொல்றன். சுத்து போடுங்க, நல்லது, ஆனா காசைக் கொண்டு போய் விலைகூடின பைக்ல போட்டுராதீங்க. 2022ல பெற்றோல் இல்லாத நேரம் சைக்கிள் விலை ஏறினது, இன்னும் பழைய விலைக்கு இறங்கல்ல. எண்ணெய் பிறேக் பூட்டின பைக்கை வாங்கிட்டு வாறானுகள், எண்ணெய் குறைஞ்சா கார்ப் பிறேக் எண்ணெயை ஊத்திப் பாக்கானுகள், மினரல் எண்ணெய் பாவிக்கிற பிறேக்குக்கு அதை ஊத்தினா உள்ளுக்கு இரிக்கிற றப்பர் வாசர் ஊதிப் பழுதாப் போயிடும், மறுகா முழு பிறேக்கும் மாத்தோணும். கம்பி இழுக்கிற டிஸ்க் பிறேக் போதும் நம்மட இடத்துக்கு.

டயரைப் பத்தி ஒண்டு சொல்லோணும், இதுலதான் எல்லாரும் தோக்கிறானுகள். இஞ்சத்த பத்தை முழுக்க முள்ளு. டியூப் போட்ட டயருக்குக் காத்தைக் குறைச்சா மணல்ல நல்லா பிடிக்கும், ஆனா கல்லுல ஏறினா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல டியூப் நசிஞ்சு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். காத்தைக் கூட்டினா அது நடக்காது, ஆனா மணல்ல டயர் வழுக்கும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் ஆக்கி உள்ளுக்கு ஓட்டை அடைக்கிற சீலன்ட் பால் ஊத்தினா முள்ளு குத்தினாலும் தானா அடைச்சிரும், காத்தையும் இறக்கி ஓடலாம். ஆனா நம்மட வெக்கைக்கு அந்தப் பால் ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு கட்டியாப் போயிடும், பாத்துப் பாத்து ஊத்தோணும். மிச்சக் காசை இதுக்கு வையுங்க. எல்லாருக்கும் பொதுவா ஒரு நல்ல நிண்டு அடிக்கிற பம்ப், அளக்கிற மீற்றரோட, அதையும் வாங்குங்க.

பொத்துவில் பொடியன்
என்னத்துக்கு உன்னிச்சை? கிரானால உள்ளுக்குப் போனா குடும்பிமலை இரிக்கு, உண்மையான மலை, அங்க வைங்க. இல்லாட்டி எங்கட பக்கம் சாகாமம், சங்கமன்கண்டிப் பக்கம் வாங்க, பாறையும் இரிக்கு மணலும் இரிக்கு.

கல்லடி ரோட்காரன்
குடும்பிமலைக்குப் போக விடமாட்டன். மட்டக்களப்பு மாவட்டத்தை மிதிவெடி இல்லாத மாவட்டம் எண்டு 2017ல அறிவிச்சது உண்மைதான், எண்டாலும் ஆக்கள் புழங்காத பாதையில பொடியனுகளை இறக்கிற வேலை வேணாம். வன இலாகா பெர்மிஷன் வேற. ஒருத்தன் விழுந்து தோள்பட்டை உடைஞ்சா 1990க்கு அடிச்சு வாற அம்புலன்ஸ் உள்ளுக்கு வந்து சேர்ந்து, மறுகா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வர எவ்வளவு நேரம் எண்டு யோசிங்க.

இப்ப தம்பிக்கு வாறன். நெதர்லாந்துக்காரன் நெதர்லாந்துல மட்டும் ஓடித் தங்கம் எடுத்தானா? மலை இரிக்கிற நாடுகளுக்குப் போய்ப் போய் ஓடினவன். நீங்க போக வேணாம் எண்டு சொல்றீங்க. நேர் ரோட்டில ஓடினா இடைக்கிட மிதியாம விடலாம், முன்னுக்குப் போறவனுக்குப் பின்னால ஒளிச்சுக் காத்துப் படாம போகலாம். ஏத்தத்துல ரெண்டும் ஏலா. வேகம் குறைஞ்ச உடன ஆருக்குப் பின்னால நிண்டும் பலனில்ல, உங்கட நிறையும் உங்கட காலும் மட்டும்தான். இறக்கம் அதை விட மோசம். பிறேக்கை எங்க பிடிக்கிற, எங்க விடுற, பின்னுக்கு எவ்வளவு சரியிற எண்டு குளக்கட்டில ஆரும் படிக்க ஏலா. ஊருக்குள்ள சுத்தி முதலாம் இடம் எடுத்து எடுத்துப் பழகின பொடியன் வெளியில போய் நொந்து சைக்கிளையே விட்டுருவான். நான் அப்பிடி விட்ட பொடியனுகளைக் கண்டிரிக்கன், அந்தக் கவலையிலதான் இவ்வளவும் எழுதுறன்.

களுவாஞ்சிக்குடி பிள்ளை
அண்ணாமார் ஒரு விசயத்தைக் கதைக்கவே இல்ல. ரோட்ல பழகுங்க எண்டு லேசாச் சொல்றீங்க. கல்முனை ரோட்ல காலையில அஞ்சரைக்கு நான் தனியச் சைக்கிள்ல போனா என்ன நடக்கும் தெரியுமா? பஸ்காரன் ஒட்டி வந்து ஹோர்ன் அடிப்பான், மோட்டச்சைக்கிள்ல வாறவனுகள் பக்கத்துல வந்து வேகத்தைக் குறைச்சுக் கதை கேப்பானுகள். வீட்டில அம்மா கேற்றடியிலயே நிப்பா நான் வாற மட்டும். பிபிலைக்குப் போங்க எண்டு சொல்றது பொடியனுகளுக்கு மட்டும்தான் சரிவரும், எனக்கும் என்னோட ஓடுற மத்தப் பிள்ளையளுக்கும் அது நடக்காது.

மூடின சுத்து எண்டா எங்களுக்கு அது பெரிய விசயம். வாகனம் இல்ல, தெரிஞ்ச ஆக்கள் சுத்தி நிப்பாங்க, விழுந்தாலும் அடுத்த நிமிசம் ஒரு ஆள் வரும், அம்மா வந்து மரத்துக்குக் கீழ இருந்து பாக்கலாம். 1996ல ஒலிம்பிக்குக்கு இந்த ரேஸ் வந்தப்பவே ஆம்பிளை பொம்பிளை ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தான் வந்தது. நம்மட ஊர்ச் சைக்கிளோட்டத்துல பெண்களுக்கு வைக்கிறது மெதுவாச் சைக்கிள் ஓட்டுற போட்டி. எனக்கு வேகமா ஓட ஏலும், அதை ஓட ஒரு இடம் வேணும்.

இன்னொண்டு. பெரிய ரேஸ்ல ஒரு சட்டம் இரிக்கு, முதலாவதா ஓடுறவர் முதல் சுத்துக்கு எடுத்த நேரத்துல நூத்துக்கு 80 பங்குக்கு மேல ஒராள் பின்தங்கினா அவரை இறக்கிப்போடுவாங்க. அதை இஞ்ச கொண்டு வராதீங்க. புதுசா வாறவங்களை முடிக்க விடுங்க.

கல்லடி ரோட்காரன்
தங்கச்சி, ரோட்ல நடக்கிறது அநியாயம், அதுல எனக்கு வேற கதையில்ல. ஆனா அதுக்கு மருந்து கூட்டமா ஓடுறது. எங்கட ஆக்களோட வாங்க, நடுவுல விட்டு ஓடுவம்.

களுவாஞ்சிக்குடி பிள்ளை
அண்ணா, காவலுக்கு ஆள் வந்தாத்தான் ஓடலாம் எண்டா அவங்க வராத நாளைக்கு நான் வீட்டிலதானே. எனக்கு அது வேணாம்.

வவுணதீவு வயல்காரன்
நான் சைக்கிள் ரேஸ் தெரிஞ்ச ஆள் இல்ல, ஆனா நீங்க கதைக்கிற இடத்துல வெள்ளாமை செய்ற ஆள் எண்டதால எழுதுறன். குளக்கட்டு, வாய்க்கால் கட்டு, வரம்பு எல்லாம் ஓடிப் பழகிற இடம் இல்ல தம்பிமாரே. மழை பெஞ்சு ஊறின கட்டில டயர் போனா தடம் விழும், அந்தத் தடத்தால தண்ணி ஓடித் தொடங்கினா ஒரே மழையில அறுத்துக்கொண்டு போயிடும், மறுகா கீழ்க் கண்டத்து வயல்காரன் எல்லாம் தண்ணியில்லாம நிப்பான், சண்டை எங்களுக்குள்ளதான் வரும் நீங்க சைக்கிளை ஏத்திக்கொண்டு வீட்ட போயிருவீங்க. கார்த்திகை, மார்கழியில அந்தப் பக்கம் வரவே வேணாம். பெரும்போகம் வெட்டுற நேரம், மாசி பங்குனியில மிசினும் டிரக்டரும் ஓடும், கிறவல் ரோட்டில நெல்லுக் காயப் போட்டிரிப்பம், அதுக்கு மேலால சைக்கிள் ஏறினா எந்த வயல்காரனும் பொறுக்க மாட்டான்.

யானையை ஆரும் சொல்லல்ல. விடியக்காலமையும் பொழுது படுற நேரமும் அதுகள் குளத்துப் பக்கம் நிக்கும். எங்கட ஆக்கள் யானை வெடியோட காவல் இரிக்கிற இடத்துல நீங்க இருட்டோட போய் நிண்டு ரேஸ் தொடங்கினா என்ன நடக்கும்? நான் வேணாம் எண்டு சொல்லல்ல, எங்கட பொடியனுகளும் ஓடட்டும். ஆனா எங்களைக் கேக்காம செய்யாதீங்க.

உன்னிச்சை ரைடர்
அண்ணன், நீங்க சொன்னதுதான் இதுவரைக்கும் எழுதினதுல ஆகப் பெரிய விசயம். குளக்கட்டுக்கு மேல ஓடுற திட்டம் இல்ல, ஆக்கள் நிண்டு பாக்கத்தான் கட்டு. சுத்து முழுக்க கட்டுக்கு வெளியில மேட்டு நிலத்துல, ஏற்கனவே மாடு போய் இறுகின பாதையில. மழைக்காலம் முழுக்க நிப்பாட்டுவம். அறுவடை முடிஞ்சு சிறுபோகத்துக்குக் கண்டத்துல வேலை தொடங்க முந்தி முதல் ரேஸ். விடிய ஆறு மணிக்குத் தொடங்கினா வெயிலுக்கு நல்லம், யானைக்குக் கூடாது. அதால ஏழரைக்குத் தொடங்கி, பெரியாக்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்குள்ள, சின்னப் பிள்ளையளுக்கு அதுல பாதியில முடிக்கிற மாதிரி வைப்பம், ஒம்பது மணிக்கு எல்லாரும் நிழலுக்கு வந்திரோணும். ஒவ்வொரு வளைவிலயும் ஒராள், தண்ணி குடுக்க ஒரே இடம், ஹெல்மட் இல்லாட்டி ஓட விடமாட்டம்.

ரோட்கார அண்ணனுக்கு: இறக்கம் இஞ்ச படிக்க ஏலாது எண்டதுக்கு நான் கல்லையும் மரக்குத்தியையும் அடுக்கி, மேட்டுல இருந்து சறுக்கி இறங்கிற ரெண்டு இடம் வெட்டிப் பழக்குவன். ஹாட்லியில பெரிசாச் செஞ்சதை நாம மண்வெட்டியால சிறிசாச் செய்வம். ஏத்தத்துக்கு, ஆனி ஆடி மாசம் மேற்கால இருந்து வாற கச்சான் காத்து அடிக்கக்குள்ள மணல் பாதையில எதிர்க்காத்துக்கு ஒரு மணித்தியாலம் ஓடிப் பாருங்க, மிதியாம விட ஒரு செக்கனும் கிடைக்காது, வேகமும் வராது, காலுக்கு லுணுகலை ஏத்தம் மாதிரித்தான் இரிக்கும்.

கல்லடி ரோட்காரன்
காத்துக்கு எதிரா ஓடுறது வேற, உங்கட உடம்பை மேல தூக்கிறது வேற. காத்து பெரிய உடம்புக்காரனை அவ்வளவு தண்டிக்காது, ஏத்தம் தண்டிக்கும். இதுல நான் மாற மாட்டன். ஒரு வருசத்துல ஒருக்காவாவது மலைக்குப் போகோணும், அதுக்குக் காசு ஒதுக்காட்டி உங்கட டீம் டீம் இல்ல. நான் சொல்றன், சிறுபோகம் வெட்டி முடிய உங்கட சுத்துல பழகின நாலு பேரையும், எங்கட ரோட்ல பழகின நாலு பேரையும் பிபிலையில நிப்பாட்டி லுணுகலைக்கு விடுவம், நேரம் பிடிக்கிறது காக்கா. வேன் செலவு என்ட பொறுப்பு. பிள்ளையளும் வரட்டும், அவங்கட அம்மாமாருக்கும் வேன்ல இடம் இரிக்கு.

அக்கரைப்பற்று சைக்கிள் காக்கா
நான் வாறன். ஆனா லுணுகலையால திரும்பி இறங்கிறதுக்கும் நேரம் பிடிப்பன், அப்பதான் கல்லு அடுக்கிப் பழகினது பலன் தந்ததா எண்டு தெரியும். எல்லாரிட பிறேக் கட்டையையும் முதல்நாள் என்ட கடைக்குக் கொண்டு வாங்க, மணல்ல ஓடின கட்டை தேஞ்சு இரும்பு தெரியிற அளவுக்கு வந்திரிக்கும், அதோட மலை இறங்க விடமாட்டன்.

வவுணதீவு வயல்காரன்
லுணுகலைக் கதை பிறகு. முதல்ல ஞாயிற்றுக்கிழமை வயலுக்குத் தண்ணி விடுறதைப் பாக்கிற எங்கட வட்டவிதானையைக் கண்டு கதைக்க வாங்க, நானும் வாறன். பாதை போற இடத்தைக் கடுதாசியில கீறிக்கொண்டு வாங்க, எந்த மதகு, எந்த வாய்க்கால் கிட்ட வருது எண்டு அவருக்குக் காட்டோணும். அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, என்ட மகளும் சைக்கிள் கேட்டுக்கொண்டு இரிக்கா.